மஞ்சள் விளக்கு யாருடைய உரிமை? தாம்பரம் சாலைகளில் தூய்மைப் பணியாளர் பாதுகாப்பும் சட்டமும்

2017 மே 1 முதல் அமைச்சர்கள், உயர் அதிகாரிகள், நீதிபதிகள் ஆகியோரின் வாகனங்களிலிருந்து சிவப்புச் சுழல்விளக்குகள் நாடெங்கும் இறக்கப்பட்டன. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108ஆம் விதி அதற்காகத் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2013 டிசம்பரில், சிவப்பு விளக்கை யார் யார் பயன்படுத்தலாம் என்பதை உச்ச நீதிமன்றம் சுருக்கி வரையறுத்திருந்தது. ஒரு விளக்கு அதிகாரத்தின் அடையாளமாக மாறியது குறித்து இந்த நாடு பல ஆண்டுகள் விவாதித்தது. அது தேவையான விவாதமே.

ஆனால் இன்னொரு விளக்கு இருக்கிறது. சாலையில் நின்று வேலை செய்யும் மனிதரை, பின்னால் வரும் வாகன ஓட்டிக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் மஞ்சள் விளக்கு. தொழில்நுட்ப மொழியில் ஆம்பர் விளக்கு. குப்பை வண்டி, கழிவுநீர் லாரி, பாதாளச் சாக்கடை அடைப்பு நீக்கும் இயந்திரம், சாலைப் பழுது பார்க்கும் வாகனம், பழுதாகி நிற்கும் லாரி ஆகிய அனைத்திற்கும் அது உயிர்க்காப்பு. அந்த விளக்கு எரிகிறதா, இல்லையா என்பது குறித்து எந்தச் சட்டமன்றத்திலும் அனல் பறந்ததில்லை. அதன் வெளிச்சத்தில் நிற்க வேண்டியவர்கள் யார் என்று பார்த்தால் இந்த மௌனத்திற்கான காரணம் புரியும்.

இக்கட்டுரையில் அந்த விளக்கின் பயன், அதைச் சுற்றியுள்ள சட்டம், அது இல்லாததால் நேரும் மரணங்களில் நாம் செய்ய வேண்டியவை ஆகியவற்றைத் தாம்பரத்தையும் தென்சென்னைப் புறநகரையும் முன்வைத்துத் தொகுத்துத் தருகிறோம்.

சாலையில் யார் நிற்கிறார்கள்?

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என நீளும் ஜிஎஸ்டி சாலை, தென்மாவட்டங்களைச் சென்னையோடு இணைக்கும் முதன்மை வழி. இரும்புலியூரில் சென்னைப் புறவழிச்சாலை பிரிகிறது. வண்டலூரில் மீஞ்சூர் நோக்கிச் செல்லும் வெளிவட்டச் சாலை தொடங்குகிறது. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இதே சாலையில்தான் உள்ளது.

இரவெல்லாம் ஓடிய தென்மாவட்டப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இந்தச் சாலைக்குள் நுழையும் நேரம் அதிகாலை. ஓட்டுநர்களின் கண்கள் களைத்திருக்கும் நேரமும் அதுவே. நகரம் விழிப்பதற்குள் சாலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால், தூய்மைப் பணியாளர்கள் துடைப்பத்தோடு சாலையில் இறங்குவதும் அந்த நேரத்தில்தான். வாகனக் காற்று தள்ளிக்கொண்டு வரும் மணல் நடுத்திட்டின் ஓரத்தில் சேர்கிறது. நடுத்திட்டை ஒட்டிய தடமோ வாகனங்கள் மிக விரைவாகச் செல்லும் தடம். எனவே மணலை வாரக் குனியும் பெண், சாலையின் மிக ஆபத்தான அடியில், பெரும்பாலும் வாகனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்.

இத்துடன் புறநகருக்கே உரிய வேறு பணிகளும் உண்டு. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுநீர் லாரிகள் சாலையை அடைத்து நின்று குழாய் இறக்குகின்றன. வடகிழக்குப் பருவமழையில் முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான பகுதிகளில் இரவு நேரங்களில் மோட்டார் பம்புகளோடு ஆட்கள் சாலையில் நிற்கிறார்கள்.

இவர்கள் எந்தச் சமூகத்தினர் என்பதை ஊர் அறியும். ஆயினும் எண்ணிக்கையாகவே சொல்வோம். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் 2024 வரை விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, மலக்குழிப் பணியாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பட்டியல் பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் அது 91.9 விழுக்காடு. இது சாக்கடைப் பணியின் கணக்கு. தெருக்கூட்டும் பணிக்கும் குப்பை அள்ளும் பணிக்கும் இத்தகைய சாதிவாரிக் கணக்கைப் பொதுவில் வைக்க எந்த அரசும் ஆர்வம் காட்டவில்லை.

ஏன் மஞ்சள்?

சாலையில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு பொருள் உண்டு. சிவப்பு என்றால் நில். சிவப்பும் நீலமும் கலந்து சுழன்றால் அவசர ஊர்தி, வழி விடு. மஞ்சள் என்றால் கவனம், வேகத்தைக் குறை, முன்னால் ஏதோ இருக்கிறது. வாகனத்தின் பின்விளக்கும் பிரேக் விளக்கும் சிவப்பு என்பதால், நிற்கும் வாகனம் சிவப்பு விளக்கை மட்டும் காட்டினால் அது ஓடிக்கொண்டிருக்கும் வாகனம் என்று பின்னால் வருபவர் எண்ண வாய்ப்புண்டு. விட்டுவிட்டு ஒளிரும் மஞ்சள் விளக்கு அந்தக் குழப்பத்தைப் போக்குகிறது. உலகின் பெரும்பாலான நாடுகளில் சாலைப் பணி வாகனங்களின் நிறமாக மஞ்சள் நிலைபெற்றதற்கு இதுவே காரணம்.

நம் விதிகளும் மஞ்சளை அறியும். வாகனங்களின் இண்டிகேட்டர் விளக்கு ஆம்பர் நிறத்தில், நிமிடத்திற்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் விட்டுவிட்டு ஒளிர வேண்டும். நான்கு இண்டிகேட்டர்களும் ஒருசேர ஒளிர்வதையே ஹசார்டு விளக்கு என்கிறோம். பழுதாகி நிற்கும் வாகனம் முதலில் செய்ய வேண்டியது அதை எரியவிடுவது.

தூரத்தின் கணக்கு

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி ஆகும் என்று இந்தியச் சாலைப் பேராயம் தன் வடிவமைப்புக் கணக்குகளில் எடுத்துக்கொள்கிறது. அதற்குள்ளேயே வாகனம் 55 மீட்டர் ஓடிவிடும். முழுமையாக நிற்க 60 கிலோமீட்டர் வேகத்தில் 80 மீட்டரும், 80 கிலோமீட்டர் வேகத்தில் 120 மீட்டரும், 100 கிலோமீட்டர் வேகத்தில் 180 மீட்டரும் பார்வைத் தூரம் தேவை என்பது அதே பேராயத்தின் அளவுகோல்.

தாழ்த்திய முகப்பு விளக்கின் வெளிச்சம் இந்தத் தூரத்திற்கு எட்டாது. இருண்ட சாலையில் கருநிறப் புடவையோ மங்கிய சீருடையோ அணிந்தவர், ஓட்டுநரின் கண்ணில் படும்போது பிரேக் பிடித்துப் பயனில்லாத தொலைவில்தான் இருப்பார். இதை ஓட்டுநரின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. எச்சரிக்கையே இல்லாமல் ஒருவரை அங்கே நிறுத்தியவரின் அலட்சியம் அதற்கும் முன்னதாகவே தொடங்கிவிட்டது.

இங்கே சீருடை பற்றி ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் பணியாளர்களுக்குச் சீருடை, ஒளிர்நிற மேற்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் ஆகியவை வழங்கப்படுவதையும் அவை பயன்படுத்தப்படுவதையும் உள்ளாட்சி அமைப்பு உறுதிசெய்ய வேண்டும் என்று விதித்தன. ஒளிர்நிறத் துணி சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் பளிச்சிடுகிறது. இரவில் அதனால் பயன் இல்லை. இருட்டில் உதவுவது, முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டை. அதுவும் முகப்பு விளக்கின் ஒளி அதன்மேல் விழுந்தால்தான் தெரியும். பட்டை இல்லாத பச்சை மேற்சட்டையை வழங்கிவிட்டு விதியை நிறைவேற்றியதாகக் கணக்கு எழுதலாம். விடியற்காலை நான்கு மணிக்கு அது வெறும் துணி. மேற்சட்டைக்கு அப்பால், தானே ஒளிரும் விளக்கு தேவைப்படுவது இதனால்தான்.

சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது?

பொறுப்பு மூன்று அடுக்குகளில் உள்ளது.

முதல் அடுக்கு, வாகனத்தை நிறுத்துபவர். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ நேரக்கூடிய இடத்திலும் நிலையிலும் வாகனத்தை நிறுத்தி வைப்பதைத் தடை செய்கிறது. 127ஆம் பிரிவு அத்தகைய வாகனங்களை அகற்றக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி, இரவில் வாகனத்தின் சிவப்புப் பின்விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளுக்கு மாற்றாக 2017இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பழுதாகி நிற்கும் வாகனம் எச்சரிக்கை விளக்கையும் பிரதிபலிப்பு முக்கோணத்தையும் பயன்படுத்துவதை வலியுறுத்துகின்றன.

இரண்டாம் அடுக்கு, சாலையில் ஆளை வேலைக்கு அனுப்புபவர். மாநகராட்சியானாலும் ஒப்பந்த நிறுவனமானாலும் பாதுகாப்பான பணிச்சூழல் தருவது அவர் கடமை. சாலைப் பணியிடங்களில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதற்கான இந்தியச் சாலைப் பேராயத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி, எஸ்பி 55 என்ற எண்ணுடையது. பணியிடத்தை முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாறும் பகுதி, வேலைப் பகுதி, முடிவுப் பகுதி என நான்காகப் பிரிக்கும் அந்த வழிகாட்டி, கூம்புகள், தடுப்புகள், பிரதிபலிப்பு உடை, ஒளிரும் மஞ்சள் விளக்கு ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. மேம்பாலம் கட்டும் ஒப்பந்ததாரருக்கு இந்த வழிகாட்டி டெண்டரிலேயே நிபந்தனையாக வருகிறது. அதே மேம்பாலத்தைக் கூட்டும் பெண்ணுக்கு அது பொருந்தும் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. கட்டுவது சாலைப் பணி, கூட்டுவது சாலைப் பணி அல்ல என்ற இந்தப் பிரிவினையில் சாதியின் கைரேகை தெரிகிறது.

மூன்றாம் அடுக்கு, சாலைக்கு உரிய அமைப்பு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் நிர்ணயிக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அந்தத் தொகை குடும்பத்திற்குச் செல்லாது. மோட்டார் வாகன விபத்து நிதிக்குச் செல்லும். ஆயினும் சாலை அமைப்பின் தவறைப் பதிவு செய்வதற்கு இப்பிரிவு ஒரு கருவி. அதைப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடையே இன்னும் வளரவில்லை.

நாட்றம்பள்ளி கற்பித்தது

2023 செப்டம்பர் 11 அதிகாலை, திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, பெங்களூரு - சென்னை தேசிய நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுலா வேன் டயர் பஞ்சராகி நின்றது. ஆம்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த பயணிகள் கர்நாடகச் சுற்றுலா முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள் வேனுக்கு முன்னால் நடுத்திட்டில் அமர்ந்திருந்தனர். பின்னால் வந்த சரக்கு வாகனம் வேனின்மீது மோத, வேன் அவர்கள்மீது ஏறியது. ஏழு பெண்கள் இறந்தனர்.

இவ்விபத்து இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, நெடுஞ்சாலையில் நிற்கும் வாகனம் தன் இருப்பை நெடுந்தொலைவுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இரண்டு, நிற்கும் வாகனத்திற்கு நேர் முன்னால் இருப்பது பாதுகாப்பு அல்ல. மோதப்படும் வாகனம் முன்னோக்கித் தள்ளப்படும். வண்டி நமக்கு அரணாக வேண்டுமானால் அதற்கும் நமக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். பழுதான வாகனத்தின் பயணிகள் சாலையை விட்டே வெளியேறி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்பதே சரி. நடுத்திட்டை ஒட்டி பேட்டரி வண்டியை நிறுத்திவிட்டு, அதன் முன்பக்கத்தை உரசியபடி மணல் வாரும் நம் பணியாளர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நீதிமன்றங்கள் சொன்னவை

விளக்கின்றி நிறுத்தப்பட்ட வாகனம் குறித்து உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு தெளிவாகி வருகிறது. இரவில் சாலையின் நடுவே, இண்டிகேட்டரோ பார்க்கிங் விளக்கோ இல்லாமல் நின்ற எரிவாயு டேங்கரின்மீது கார் மோதிய வழக்கில், காரை ஓட்டியவருக்கும் பாதித் தவறு உண்டு என்று உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, டேங்கர் ஓட்டுநரே முழுப் பொறுப்பு என்ற தீர்ப்பாயத்தின் முடிவை மீட்டது. 2024 செப்டம்பரில், நெடுஞ்சாலையில் எச்சரிக்கை விளக்கின்றி நின்ற லாரி குறித்த இன்னொரு வழக்கிலும் அதே அணுகுமுறை தொடர்ந்தது. 2025 ஜூலையில், கோயம்புத்தூரில் நடந்த விபத்து தொடர்பான வழக்கில், நெடுஞ்சாலையில் முன்னறிவிப்பின்றிக் காரைத் திடீரென நிறுத்தியவர்மீதே பெரும்பங்குப் பொறுப்பு, அதாவது 50 விழுக்காடு, சுமத்தப்பட்டது.

மூன்று தீர்ப்புகளுக்கும் அடிப்படை ஒன்றே: விரைந்து ஓடும் சாலையில் நிற்பவர், நிற்பதை அறிவிக்கக் கடமைப்பட்டவர். இந்த நெறியை நாம் ஓர் அடி முன்னே எடுத்துச் செல்ல வேண்டும். வாகனத்தை எச்சரிக்கையின்றி நிறுத்துவது அலட்சியம் என்றால், ஒரு மனிதரை எச்சரிக்கையின்றி நிறுத்துவது அதைவிடப் பெரிய அலட்சியம். தூய்மைப் பணியாளர் விபத்து வழக்குகளில் காப்பீட்டு நிறுவனத்தின் வாதம் வழக்கமாக ஒன்றுதான்: சாலையின் நடுவே ஏன் நின்றார்? அவர் தாமாக நிற்கவில்லை. பணி ஆணை அவரை அங்கே நிறுத்தியது. இந்தப் பதிலை ஆவணத்தோடு நிறுவுவதே வழக்கறிஞரின் முதல் வேலை.

கணக்கில் வராத மரணங்கள்

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர்; உத்தரப் பிரதேசத்திற்கு அடுத்த இடம். ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இந்த ஆண்டறிக்கை, இறந்தவர் பாதசாரியா, இருசக்கர வாகனத்தில் வந்தவரா, நின்ற வாகனத்தில் மோதியவரா எனப் பலவாறு பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அவர் சாலையிலேயே பணியில் இருந்தவரா என்ற கேள்வி அதில் இல்லை. எனவே துடைப்பத்தோடு இறந்தவர் வெறும் பாதசாரி ஆகிவிடுகிறார்.

மலக்குழி மரணங்களைக் கணக்கில் கொண்டுவரவே நெடிய போராட்டம் தேவைப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதே பணியாளர் சாக்கடை மூடியைத் திறந்துவைத்துச் சாலையில் நிற்கும்போது லாரி மோதி இறந்தால், குடும்பம் ஆண்டுக்கணக்கில் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும். குழிக்குள் இறந்தால் ஒரு நீதி, குழியின் விளிம்பில் இறந்தால் வேறு நீதி.

ஆபத்து வாகனங்களால் மட்டும் வருவதில்லை. 2025 ஆகஸ்ட் 23 அதிகாலை, கண்ணகி நகரில் பணிக்குச் சென்ற தூய்மைப் பணியாளர் ஒருவர், தேங்கிய மழைநீரில் கசிந்த மின்சாரம் தாக்கி இறந்தார். இருட்டில் வேலைக்கு அழைக்கும் அமைப்பு, அந்த இருட்டுக்கான பொறுப்பை ஏற்க மறுப்பதையே இவையெல்லாம் காட்டுகின்றன.

பிற நாடுகளின் வழி

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், விபத்து இடத்தில் உதவிக்கொண்டிருந்த அவசர மருத்துவப் பணியாளர் ஒருவர் வாகனம் மோதிப் படுகாயமடைந்த பின், 1996இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விளக்கு ஒளிர நிற்கும் அவசர ஊர்தியைக் கண்டால் தடம் மாற வேண்டும் அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2012க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. முதலில் காவல், மருத்துவ, தீயணைப்பு ஊர்திகளுக்கு இருந்த பாதுகாப்பு, பின்னர் மஞ்சள் விளக்கு ஒளிரும் மீட்பு வாகனங்களுக்கும், பல மாநிலங்களில் குப்பை அள்ளும் வாகனங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மஞ்சள் விளக்கைக் கண்டால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. நம்மிடம் ஆம்புலன்சுக்கு வழி விடாதவருக்கு அபராதம் உண்டு. குப்பை வண்டியை உரசிச் செல்பவருக்கென்று தனி விதி இல்லை.

விளக்கு மட்டும் போதாது

மஞ்சள் விளக்கை மந்திரமாக நாம் முன்வைக்கவில்லை. அளவுக்கு மீறிய பிரகாசம் இரவில் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்து, விளக்கின் அருகில் நிற்பவரையே மறைத்துவிடும். வேலை இல்லாதபோதும் எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை ஓட்டுநர்கள் விரைவில் பொருட்படுத்தாமல் போவார்கள். விளக்கைக் காரணம் காட்டிக் கூம்பையும் தடுப்பையும் கைவிட்டால் நிலைமை மோசமாகும். சிவப்பு, நீல விளக்குகளைப் பணி வாகனத்தில் பொருத்துவது விதிக்கு முரணானது, ஓட்டுநர்களையும் குழப்பும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நெடுஞ்சாலையின் நடுத்திட்டை மனிதக் கையால் கூட்டத்தான் வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. இயந்திரம் செய்யக்கூடிய வேலை அது. இயந்திரம் வரும்போது பணியாளரின் வேலை பறிபோகாமல், அதை இயக்கும் பயிற்சியும் ஊதியமும் அவருக்கே கிடைக்க வேண்டும் என்பது அந்தக் கேள்வியின் மறுபாதி.

விபத்து நேர்ந்தால்

களத்தில் இருக்கும் தோழர்களும் மாணவர்களும் பின்வருவனவற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் சிகிச்சை. 108ஐ அழைக்கவும், தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 எண்ணும் உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமற்றது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ஒன்றியத் திட்டம் ஏழு நாட்களுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு வழி செய்கிறது. உதவிக்கு வருபவரை 134ஏ பிரிவு பாதுகாக்கிறது.

இரண்டாவது, சான்று. கூம்பு இருந்ததா, விளக்கு எரிந்ததா, தெருவிளக்கு எரிந்ததா, மேற்சட்டையில் பிரதிபலிப்புப் பட்டை இருந்ததா என்பவற்றைக் காட்டும் படங்களை அன்றே எடுத்துவிட வேண்டும். மறுநாள் அந்த இடத்தில் எல்லாம் முளைத்துவிடும். வருகைப் பதிவேடு, பணிப்பகுதி ஒதுக்கீடு, மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் உத்தரவு ஆகியவை அவர் பணியில் இருந்ததற்கான சான்றுகள்.

மூன்றாவது, முதல் தகவல் அறிக்கை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) பிரிவுகள் ஓட்டுநருக்குப் பொருந்தும். எச்சரிக்கையின்றி ஆளை நிறுத்தியவரின் பங்கையும் புகாரில் எழுத்துமூலம் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களில் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும். அவற்றின் நகலைக் கேட்டுப் பெறுவது குடும்பத்தின் உரிமை.

நான்காவது, இழப்பீடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில், தவறு யாருடையது என்று நிறுவாமலேயே மரணத்திற்கு 5 லட்சமும் கொடுங்காயத்திற்கு 2.5 லட்சமும் கோரலாம். 166ஆம் பிரிவில் முழு இழப்பீடு கோரலாம். மனுவை ஆறு மாதத்திற்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. மோதிய வாகனம் தெரியாவிட்டால் 161ஆம் பிரிவின்கீழ் மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உண்டு. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 இருந்த இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. வீட்டிலிருந்து பணியிடத்திற்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், பணியோடு தொடர்பு நிறுவப்பட்டால், அதில் அடங்கும். ஆனால் 167ஆம் பிரிவின்படி மோட்டார் வாகனச் சட்டம், பணியாளர் இழப்பீடு ஆகிய இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும். ஒப்பந்ததாரர் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வரும்போது, எந்த வழியில் அதிகம் கிடைக்கும் என்று கணக்கிட்ட பின்னரே குடும்பம் முடிவெடுக்க வேண்டும்.

தாம்பரத்தில் நாம் கேட்க வேண்டியவை

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள் கொண்டது. 2022இல் அதன் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. நீண்ட போராட்டத்தின் பயனாகக் கிடைத்த அந்தப் பிரதிநிதித்துவம், அதிகாலையில் சாலையில் நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணின் பாதுகாப்பாகவும் மாற வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியிடம் ஐந்து கேள்விகளை எழுப்பலாம். குப்பை, கழிவுநீர் வாகனங்களில் எத்தனையில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு இயங்கும் நிலையில் உள்ளது? பிரதிபலிப்புப் பட்டையுள்ள மேற்சட்டைகள் எத்தனை, எப்போது வழங்கப்பட்டன? ஒப்பந்தத்தில் எஸ்பி 55 வழிகாட்டி நிபந்தனையாக உள்ளதா? விடியுமுன் நடுத்திட்டுப் பணி எந்தெந்தச் சாலைகளில் நடக்கிறது? கடந்த ஐந்து ஆண்டுகளில் பணியின்போது சாலை விபத்தில் இறந்தவர்கள், காயமுற்றவர்கள் எத்தனை பேர்? சாலை வேறு துறைக்கு உரியதாயின், அதே கேள்விகளை நெடுஞ்சாலைத் துறைக்கும் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்திற்கும் அனுப்ப வேண்டும். பொறுப்பை ஒருவர்மேல் ஒருவர் தள்ளுவது எழுத்தில் பதிவானால், அதுவே பின்னாளில் வழக்கின் சான்றாகும்.

கிடைக்கும் பதில்களை வைத்து நாம் வலியுறுத்த வேண்டியவை எளியவை. விரைவுத் தடத்தை ஒட்டிய பணி விடிந்த பின்னரே நடக்க வேண்டும். இருட்டில் செய்தே தீர வேண்டிய பணிக்கு, மஞ்சள் விளக்கு ஒளிரும் வாகனம் ஒன்று போதிய இடைவெளியில் பின்னால் நின்று காக்க வேண்டும். விளக்கு எரியாத வாகனத்தை எடுக்க மறுக்கும் பணியாளரின் கூலி பிடிக்கப்படக் கூடாது. இவற்றை டெண்டர் நிபந்தனையாக எழுதினால், மீறும் ஒப்பந்ததாரரின் தொகையைப் பிடித்தம் செய்ய வழி பிறக்கும்.

ஒரு மஞ்சள் சுழல்விளக்கின் விலை, அதைப் பொருத்தும் வாகனத்தின் விலையில் மிகச் சிறு பங்கு. செலவு இங்கே தடையாக இருந்ததில்லை. சாலையில் நிற்பவர் கண்ணில் படத் தக்கவர் என்று கருதப்படவில்லை, அதுவே தடை. சிவப்பு விளக்கை இறக்க ஒரு விதித் திருத்தம் போதுமானதாக இருந்தது. மஞ்சள் விளக்கை ஏற்ற, ஏற்கெனவே உள்ள விதிகளை நடைமுறைப்படுத்தச் செய்யும் அமைப்புபலம் நமக்கு வேண்டும்.